பாப்பாவின் தலை காயும் வரை

ஏப்ரல் 22, செவ்வாய்

குப்பைமேடு மறுபடியும் பற்றிக்கொண்டது. பால் வாங்கப் போன வரதன் திரும்பி வந்து, "மேட்டாண்ட புகை வந்துகினு கீது" என்று செய்தி சொன்னார். எனக்கும் மூக்கு இருக்கிறது என்றேன்.

கொடுங்கையூரில் கோடை வந்ததற்கு அடையாளம் மாம்பழம் இல்லை, இதுதான். மேட்டில் எங்கோ ஓரிடத்தில் பற்றும், உள்ளுக்குள்ளேயே கனன்று போய் வேறோர் இடத்தில் எழும்பும். இந்தப் பக்கம் தண்ணீர் அடித்தால் அந்தப் பக்கம் எரியும். மற்ற வருடங்களில் நானும் வரதனும் முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு டிவி பார்ப்போம். (கணவர் பெயரை எழுதினால் ஆயுசு குறையும் என்பதை நாங்கள் இருவருமே நம்பவில்லை. துறைமுகத்தில் கிரேன் மேலேயே காலம் தள்ளியவர், இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார்.)

இந்த வருடம் அப்படி இருக்க முடியாது. மகள் மதி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பாப்பாவுக்கு இரண்டரை மாதம். இரண்டு பேரும் ஐந்தாம் மாதம் வரை இங்கேதான். அது எங்கள் வழக்கம். சம்பந்தி வீட்டு வழக்கம் மூன்றாம் மாதமாம். இதைக் கல்யாணத்தின்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறார்கள்.

ஏப்ரல் 24, வியாழன்

வெயிலுக்காகப் பாப்பாவுக்குத் தினமும் காலையில் தலைக்கு ஊற்றுகிறேன். மணையில் காலை நீட்டி உட்கார்ந்தால் எழுந்திருக்க வரதன் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுப்பதாக இல்லை. எண்ணெய் தடவி, பயத்தமாவு தேய்த்து, முழங்கால் மேல் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றும்போது அது ஒரு அழுகை அழும் பாருங்கள், கீழ்வீட்டில் தாளம் போடுவார்கள்.

பிறகு துண்டில் சுற்றி உள்ளறைக்குத் தூக்கி வந்து, கதவைச் சாத்தி, தூபக்காலில் கரியைப் பற்றவைத்து, சாம்பிராணி தூவி, மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் தலையைக் காட்டினால் — அழுகை நின்றுவிடும். முடி பஞ்சாகக் காய்ந்துவிடும். சளி அண்டாது. எங்கள் வீட்டில் சாமி கிடையாது. சுவரில் அண்ணல் படமும் புத்தர் படமும்தான். சாம்பிராணி சாமிக்கில்லை, தலைக்கு.

இன்று மேட்டுப் புகை உள்ளே வராதபடி எல்லா ஜன்னலையும் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி திணித்துவிட்டுத்தான் போட்டேன். பிள்ளை வைத்திருக்கும் வீட்டில் ஜாக்கிரதை வேண்டும்.

ஏப்ரல் 25, வெள்ளி

மொட்டைமாடியில் துணி காயப்போட்டவர்கள் எல்லோரும் இன்னொரு முறை துவைத்தார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சம்பந்தி ஆவுடையம்மாள் போன் செய்தார். அவர்களுக்குத் திருவொற்றியூரில் பருப்பு மொத்த வியாபாரம். ஊர் தூத்துக்குடிப் பக்கம். இங்கே வந்து எத்தனையோ வருடம் ஆகியும் பேச்சை மட்டும் அங்கிருந்து இறக்குமதி செய்துகொண்டிருக்கிறார்.

"டிவில காட்டுதான். உங்க பக்கம் பூரா ஒரே புகையாமே. பச்சப் பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன செய்யுதிய?"

"ஜன்னல மூடி வெச்சிகீறோம்."

"எத்தன நாளைக்கு மூடுவிய? மூணு மாசம் முடியப் போவுது, நாங்க வந்து கூட்டிட்டுப் போயிருதோம்."

"திருவொத்தியூர் மட்டும் இன்னா ஊட்டியாங்க? காலைல அந்தப் பக்கம் கண்ணு எரியுதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"எங்களுக்குக் கடல்காத்து வருது" என்றார். ஏதோ அவர்கள் வீட்டுக்காரர் கொள்முதல் செய்து வைத்திருப்பதைப்போல.

எனக்கு நானே எழுதிக்கொள்கிறேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது. மதியும் மாப்பிள்ளை சிவந்தியும் ஒரே ஆபீசில் வேலை பார்த்து விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அந்த வீட்டில் வெகுநாள் யாரும் பேசவில்லை. இங்கே நான் ஒரு வாரம் பேசாமல் இருந்தேன், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கல்யாணத்தில் எங்களைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை. மண்டபம் அவர்கள், பந்தி அவர்கள், எங்கள் சொந்தக்காரர்கள் எங்கே உட்கார வேண்டும் என்பதும் அவர்கள். தலைப்பிரசவம் மட்டும்தான் பெண் வீட்டுக்கு என்று எங்கள் கைக்கு வந்தது. அதை இரண்டு மாதம் முன்னாலேயே பிடுங்கிக்கொண்டு போனால் எனக்கு ஆறாது. ஐந்தாம் மாதம் என்றால் ஐந்தாம் மாதம்தான்.

ஏப்ரல் 30, புதன்

புகையைப் பற்றிப் புகார் சொல்லப் போன் செய்தேன். "ஆளுங்க ஸ்பாட்ல இருக்காங்கம்மா" என்றது ஒரு பெண் குரல்.

நானும் ஓய்வு பெறும்வரை ஓர் அலுவலகத்தில் புகார் கேட்கும் வேலையில்தான் இருந்தேன். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை, பென்ஷன் வருகிறது. "ஆள் கிளம்பிட்டாங்க" என்று நான் சொன்ன ஆட்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினால் இங்கிருந்து புழல் வரை போகும். அதனால் அந்தப் பெண்ணைத் திட்ட மனசு வரவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றாள். அது உண்மையாக இருக்கும்.

மே 2, வெள்ளி

பாப்பா இருமினாள்.

ஒரே ஒரு இருமல், பூனைக்குட்டி தும்மியது போல. மதி என் முகத்தைப் பார்த்தாள், நான் வரதன் முகத்தைப் பார்த்தேன், அவர் ஜன்னலைப் பார்த்தார். மேட்டின் பக்கம் வானம் பழைய அலுமினியப் பாத்திரம் மாதிரி இருந்தது.

சளி இறங்கிவிடக் கூடாதென்று இன்று சாம்பிராணியைக் கூடுதலாக ஒரு பிடி போட்டு, ஓமமும் வேப்பிலையும் சேர்த்தேன். வீட்டில் இருந்த குப்பை நாற்றம் போன இடம் தெரியவில்லை.

"கண்ணு எரியுதும்மா" என்றாள் மதி.

"எரியாம இன்னா பண்ணும்? மேட்ட பாரு, எப்டி பொகையுதுன்னு."

மே 5, திங்கள்

சாயங்காலம் பாப்பாவுக்கு மூச்சு வாங்கியது. விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழும்பியது. பால் குடிக்க வாய் வைப்பாள், விட்டுவிடுவாள்.  ஆட்டோ பிடித்து ஓடினோம். வரதன் டிரைவரிடம் "போ நைனா, போ நைனா" என்று வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் உடனே பார்த்தார்கள். முகத்தில் சின்ன மூடி வைத்து ஆவி பிடிக்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் குழி விழுவது நின்றது. அப்புறம்தான் நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

டாக்டரம்மாவுக்கு மதி வயதுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டார். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பீர்களா? இல்லை. விறகடுப்பு? இல்லை. கொசுவத்தி? பிள்ளை பிறந்ததிலிருந்து வலைதான். வேறு ஏதாவது புகை?

"எங்க வூட்ல புகையே இல்ல டாக்டர். எல்லாம் வெளிலேந்து வர்றதுதான். கொடுங்கையூர்" என்றேன். அவர் ஊர்ப்பெயரைக் கேட்டதும் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மே 6, செவ்வாய்

மாப்பிள்ளை வந்தார். நல்ல பிள்ளை. பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதன் நெஞ்சையே பார்த்தபடி இருந்தார். போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, "அத்தே, பதினெட்டாம் தேதி ஞாயித்துக்கிழமை அம்மா வாராங்களாம். கூட்டிட்டுப் போலாம்னு" என்றார்.

"மதி இன்னா சொல்றா?"

"அவகிட்ட கேட்டேன். ஒங்ககிட்ட கேக்கச் சொன்னா."

நான் மதியைக் கேட்டேன். "இங்க இருக்கத்தாம்மா ஆசை. ஆனா பாப்பாக்கு இன்னொரு தபா அப்டி ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது" என்றாள்.  குப்பைமேட்டைத் திட்டினேன். ரொம்ப நேரம், நல்ல வார்த்தைகளாகத் தேடித் தேடித் திட்டினேன். அது எரிந்துகொண்டே இருந்தது.

மே 9, வெள்ளி

மாடி வீட்டு சங்கமித்ரா ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தாள். ஏதோ லேபில் வேலை அவளுக்கு. காற்றில் இருக்கிற தூசியை எண்ணிச் சொல்லுமாம். கைக்குள் அடங்குகிறது. ஏரியாவில் நாலைந்து வீட்டில் வைத்து, மேட்டுப் புகை எந்த நேரத்தில் அதிகம் என்று பார்த்து மனு கொடுக்கப் போகிறார்களாம்.

"எண்ணு நூறைத் தாண்டுச்சுன்னா ஜன்னல மூடிடுங்கம்மா. மூணு இலக்கம்தான் காட்டும்" என்றாள்.

எனக்கு உடனே ஒரு யோசனை. எந்த நேரத்தில் புகை வருகிறது என்று தெரிந்துவிட்டால் அந்த நேரத்துக்கு மட்டும் பாப்பாவைக் காபந்து பண்ணிக்கொள்ளலாம். சம்பந்தியிடமும் எண்ணோடு பேசலாம். வியாபாரக் குடும்பம், எண் என்றால் மதிப்பார்கள்.

மே 10, சனி

ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தேன். மத்தியானம் கடல்காற்று திரும்பியதும் மேட்டுப் புகை நம் பக்கம் வருகிறது. சாயங்காலம் 240. விடிந்தால் காற்று எதிர்ப்பக்கம், 50 தான். வரதன் அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆகக் காலையில் வீடு சுத்தம். சாயங்காலம் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். சம்பந்தியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே தோசை வார்த்தேன். இரண்டு கருகின.

மே 12, திங்கள்

புத்த பூர்ணிமா. பாயசம் வைத்தேன். விஹாரத்துக்கு வரதன் மட்டும் போனார்.

ஹாலில் தூசி தட்டலாம் என்று அந்தப் பெட்டியை எடுத்து உள்ளறை அலமாரியில் வைத்திருந்தேன். மறந்துவிட்டேன். பாப்பாவுக்குத் தலைக்கு ஊற்றி, ஜன்னல் சாத்தி, கூடை கவிழ்த்து எல்லாம் வழக்கம்போல் செய்துவிட்டுத் துண்டை வைக்க அலமாரிப் பக்கம் திரும்பினால் — 999.

பெட்டி கெட்டுவிட்டது என்று இரண்டு தட்டு தட்டினேன். 999. அதற்கு மேல் எண் இல்லையென்று அவள்தான் சொன்னாளே.

மே 13, செவ்வாய்

மதியும் பாப்பாவும் ஹாலில் தூங்கும்போது நான் மட்டும் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பெட்டி 60 காட்டியது. கொஞ்சமாக, அரைப் பிடிகூட இல்லை, சாம்பிராணி போட்டேன். நான் எண்ணி முடிப்பதற்குள் 999 ஆகிவிட்டது. ஜன்னலைத் திறந்து, ஃபேன் போட்டு, அது கீழே இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். காபி ஆறிப்போயிற்று.

சாயங்காலம் பெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். மேட்டுக்கு நேர் எதிரே நீட்டினேன். அவ்வளவு பெரிய மேடு எரிந்துகொண்டிருக்கிறது, 280. கையளவு தூபக்கால், 999.

குப்பைமேடு நல்லது என்று சொல்ல வரவில்லை. சாயங்காலம் அது, காலையில் நான். ஷிஃப்ட் போட்டு வேலை பார்த்திருக்கிறோம்.

இன்னா வேலை பண்ணிக்கிறேன் நான்! பாப்பாக்கு வாயத் தொறந்து சொல்லத் தெரியுமா? அழுகை நின்னுபோச்சுன்னு சந்தோஷப்பட்டேனே — மூச்சு முட்டி நின்னுதா அது? டாக்டர் அம்மாம் பொறுமையாக் கேட்டாங்களே, "வேறு ஏதாவது புகை"ன்னு. நான் பொய் சொல்லல. சத்தியமா எனக்கு அது புகைன்னே தோணல.

மே 14, புதன்

கரி தீர்ந்துவிட்டது என்று மதியிடம் சொன்னேன். கரி ஒரு பை இருக்கிறது, பரண் மேல். பாப்பாவின் தலையைத் துண்டால் ஒற்றி எடுத்தேன்.

மே 16, வெள்ளி

பாப்பா இருமவில்லை. நேற்றும் இல்லை. இரண்டு பக்கமும் வயிறு முட்டக் குடித்துவிட்டு, என்னைப் பார்த்து ஏதோ கேஸ் போடப் போகிறவள் மாதிரி விரலை நீட்டி நீட்டிப் பேசினாள்.

"காத்து மாறிடுச்சும்மா" என்றாள் மதி. முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு வெளிச்சம். "இப்டியே இருந்தா ஞாயித்துக்கிழமை அத்தைகிட்ட நானே சொல்லிடறேன், அஞ்சாம் மாசம் வர்றேன்னு."

நான் சரி என்றேன். 

சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். சாம்பிராணி நின்றுவிட்டது, பிள்ளை நன்றாக இருக்கிறது, பெண் இங்கேயே இருக்கப் போகிறாள், பழி குப்பைமேட்டுக்கு. அதன் மேல் எத்தனையோ கிடக்கிறது, இதுவும் கிடக்கட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்? இப்படி எனக்கு நானே கேட்டுக்கொண்டு கீரை ஆய்ந்தேன்.

மே 18, ஞாயிறு

ஆவுடையம்மாளும் மாப்பிள்ளையும் பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். சம்பந்தி தண்ணீர் பாட்டில் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம், நான் கவனிக்காதது மாதிரி இருந்தேன்.

பாப்பாவைத் தூக்கினார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். திருப்பிப் போட்டு முதுகில் கேட்டார். பருப்பு மூட்டையைக் குத்திப் பார்ப்பதுபோல் தொடையை அழுத்திப் பார்த்தார்.

"பிள்ளை நல்லாத்தான இருக்கு" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

மதி உடனே ஆரம்பித்தாள். "அத்தை, புகை குறைஞ்சிடுச்சு. நாலு நாளா இருமலே இல்ல. அஞ்சாம் மாசம் வர்றேனே. அம்மாவும் ஆசைப்படறாங்க."

சம்பந்தி மகனைப் பார்த்தார். அவர் மனைவியைப் பார்த்தார். "சரி, பிள்ளைக்கு எங்க தோதோ அங்க இருக்கட்டும்" என்றார் ஆவுடையம்மாள். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. இத்தனை நாள் நான் பண்ணிய ஒத்திகை எல்லாம் வீண். வரதன் சந்தோஷத்தில் போய் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கி வரவா என்றார்.

அப்போது சம்பந்தி பாப்பாவின் தலையைத் தடவிப் பார்த்து, "என்ன, ஈரமா கெடக்கு? புகை காட்டலியா?" என்றார். தன் பையிலிருந்து ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்தார். "ஊருல இருந்து வரவழைச்சேன். அசல் பால் சாம்பிராணி. இங்க கொஞ்சம் வச்சுக்கிடுங்க, அங்க வீட்டுலயும் வாங்கி வச்சிருக்கேன். நம்ம வீட்டுக்கு வந்தப்புறம் நான் ஒரு நாள் தவறாம காட்டிருவேன், முடி எப்படி வளருதுன்னு பாருங்க."

பொட்டலம் என் கைக்கு வந்தது. நல்ல வாசனை. பிரிக்காமலே அடித்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இன்னும் இரண்டு மாதம் என் மடியில் இருந்திருக்கும். ஆனால் அதற்கப்புறம்? கதவைச் சாத்தி, கூடையைக் கவிழ்த்து, இந்தம்மாவும் ஆசையாகத்தானே காட்டுவார்?

"காட்டாதீங்க" என்றேன். "புள்ளைக்கு மூச்சு வாங்குனது குப்பைமேட்டால இல்ல. அதாலயும்தான். ஆனா ரொம்ப என்னாலதான். நான் ஜன்னல மூடிட்டு சாம்பிராணி போட்டேன், தெனமும். பொட்டில பாத்தேன். நிறுத்தினேன், இருமல் நின்னுடுச்சு."



"எப்போ பாத்தே?" என்று மதி கேட்டாள்.

"திங்கக்கெழமை."

"இன்னிக்கு ஞாயிறு."

"ஆமா."

"நாலு நாளா காத்து மாறிடுச்சு, காத்து மாறிடுச்சுன்னு நான் சொல்லிகினே இருந்தேன். நீ சரி சரின்னு கேட்டுகினு இருந்த."

கத்தியிருந்தால் பரவாயில்லை. எழுந்து உள்ளே போய் பாப்பாவின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். சாம்பிராணி போட்டதற்கு இல்லை அந்தக் கோபம், எனக்குத் தெரியும்.  

ஆவுடையம்மாள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வார் என்று காத்திருந்தேன், கிடைத்த சந்தர்ப்பத்தை யார் விடுவார்கள்? அவர் என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கித் திரும்பத் தன் பையில் வைத்துக்கொண்டார். அங்கே போய்ப் போடுவதற்கா, போடாமல் இருப்பதற்கா — அந்த முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாங்களும் எத்தனை பிள்ளைக்குக் காட்டியிருக்கோம், எதற்கு ஆச்சு என்று அவர் நினைத்திருந்தாலும் தப்பில்லை. போன மாதம் என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

சாயங்காலம் கார் வந்தது. மூன்றாம் மாதத்திலேயே கிளம்பிவிட்டார்கள்.

மே 19, திங்கள்

மணையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மே 21, புதன்

சங்கமித்ராவிடம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். காலைக் கணக்கில் என் வீட்டை மட்டும் எடுத்துவிடு, அது மேட்டின் குற்றமில்லை, என் குற்றம் என்று சொன்னேன். மனுவில் அது இருந்தால் எவனாவது சாம்பிராணியைக் காட்டி மேட்டை விட்டுவிடுவான். அவள் சிரிக்கவில்லை. "எங்க அம்மா காலைலயும் சாயந்தரமும் போடறாங்கம்மா. நான் எங்க வூட்ல பொட்டியே வெக்கல" என்றாள்.

மே 25, ஞாயிறு

மதி பேசவில்லை. மாப்பிள்ளை பாப்பாவின் போட்டோ அனுப்புகிறார். அதில் தலைமுடி காய்ந்துதான் இருக்கிறது. எப்படிக் காய்ந்தது? போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், பின்னால் ஏதாவது கூடை தெரிகிறதா என்று. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் காலண்டரும் தெரிந்தன.

போன் பண்ணிக் கேட்கலாம். கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்றும் இருக்கிறது. வரதன், "பேஜாரு பண்ணிக்காத, அவளே பேசுவா" என்றார். எப்போது என்று கேட்டால் மேலே பார்க்கிறார்.

மே 29, வியாழன்

மேட்டுத் தீ முழுக்க அணைந்துவிட்டதாம். டிவியில் சொன்னார்கள். ஜன்னல் எல்லாம் திறந்து வைத்தேன். இனி யாருக்காக மூட வேண்டும்?

ஜூன் 3, செவ்வாய்

காலையில் உலை கொதித்து அரிசி போட்ட நேரத்தில் போன் அடித்தது. ஆவுடையம்மாள்.

"மதி கேக்கச் சொன்னா" என்று ஆரம்பித்தார். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. "பிள்ளைக்குத் தலைக்கு ஊத்தியிருக்கேன். துண்டால துடைச்சா ஈரம் போவ மாட்டேங்கு. முடி அம்புட்டு அடர்த்தி. தும்முது வேற. நீங்க கடைசி நாலு நாளும் எப்படிக் காய வச்சிய?"

 "அப்ப சாம்பிராணி?" என்றேன்.

"அதத்தான் போடலியே. போட்டா எதுக்குக் கேக்கேன்?"

"ஊதுனேன்" என்றேன்.

"என்னது?"

"தோள்ல சாச்சி வெச்சிகினு வாயால ஊதுனேன். முடியப் பிரிச்சிப் பிரிச்சி. மதி குளிக்கப் போற நேரமாப் பாத்து."

"எம்புட்டு நேரம்?"

"காயற வரிக்கும்."

 "ஏ மதி, போனப் பிடி" என்று தூரத்தில் குரல். போனை யாரும் பிடிக்கவில்லை, அணைக்கவும் இல்லை, எங்கேயோ வைத்துவிட்டார்கள் போல. பிறகு அந்தப் பக்கம் ஃபூ, ஃபூ என்று சத்தம் வந்தது. பருப்பு புடைத்த பழக்கம் இருக்கும், நல்ல மூச்சு அந்த அம்மாவுக்கு. நடுவில் நிறுத்தி இளைத்தார், மறுபடி ஊதினார். பாப்பா ஒரு முறை தும்மினாள். அப்புறம் கெக்கே என்று சிரித்தாள். நான் அவள் சத்தமாகச் சிரித்துக் கேட்டதே இல்லை, இங்கே இருந்தவரை அதற்கு வயசாகவில்லை.

"அத்தை, மெதுவா, தலை சுத்தப் போவுது உங்களுக்கு" என்று மதியின் குரல் கேட்டது. போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருப்பாள். மூச்சு கேட்டது. "அம்மா, லைன்லயா கீற?" என்றாள்.

"கீறேன்" என்றேன்.

"கேளு, சிரிக்குது."

கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று சோறு குழைந்துபோனது.